பயோடேட்டால போன் நம்பரே தப்பா இருந்தா எப்படி கூப்பிடுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கோவை கணபதில ஒரு சின்ன மெஷின் ஷாப்ல சூப்பர்வைசர், ஆள் எடுக்குறதும் நான்தான். போன வாரம் சிஎன்சி (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடுற மெஷின்) ஆபரேட்டர் வேலைக்கு வந்த பயோடேட்டாவ எல்லாம் படிச்சிட்டு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு, அதான் எழுதுறேன். பாதிக்கு மேல ஜெராக்ஸ் கடைல ஒரே மாடல்ல அடிச்சு வாங்குனது, மேல சேலஞ்சிங் ஜாப் வேணும்னு ஒரு வரி, கீழ அப்பா பேரு, மதம், சாதி, ஆதார் நம்பர் வரைக்கும் இருக்கு. ஆதார் நம்பர எல்லாம் இப்படி ஊரு முழுக்க குடுக்காதீங்க தம்பிகளா, ஆபத்து. ஆனா அந்த மெஷின ஓட்டுற ஃபேனக் கன்ட்ரோல் தெரியுமா சீமென்ஸ் கன்ட்ரோல் தெரியுமா, டூல் ஆஃப்செட் (வெட்டுற டூலோட அளவ மெஷின்ல பதியுறது) போட வருமா, மைக்ரோமீட்டர்ல அளக்க வருமா, நாங்க தேடுற இது ஒரு வரி கூட இல்ல.

ஒரு தம்பி ஐடிஐ டர்னர் முடிச்சு அப்ரண்டிஸும் பண்ணி என்ஏசி (தேசிய அப்ரண்டிஸ்) சர்டிபிகேட் வச்சிருக்கான், அதையே எழுதல, ஹாபி கிரிக்கெட்னு மட்டும் இருக்கு. நேர்ல வந்து பேசுனதால தெரிஞ்சுது. இன்னொருத்தர் நல்ல அனுபவம் உள்ளவரு, நம்பர்ல 9 இலக்கம்தான், மூணு நாள் விசாரிச்சும் ஆள புடிக்க முடியல, அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு.

ஐடிஐ, பாலிடெக்னிக்ல கடைசி வருஷம் ரெண்டு மணி நேரமாவது ஒதுக்கி ஒவ்வொரு புள்ளையையும் உக்கார வச்சு சொந்தமா எழுத வைக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கணபதி, கோவை