நீலச் சிலிண்டர்

நாகர்கோவில்,
ஆடி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. காற்றில் முற்றத்து முருங்கை முறிந்து விழுந்துவிட்டது. அதை வெட்டி ஒதுக்கவே நேரம் சரியாக இருந்தது. முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகும் வாரம் மூன்று நாள் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறேன் அல்லவா? போன மாதம் ஒரு குடலிறக்க அறுவை முடிந்ததும் மஞ்சள் கழிவுப் பையைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ரத்தமே படாத உறைக் காகிதமும் பிளாஸ்டிக்கும். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பை எரியுலைக்குப் போகிறது, சலைன் குழாய்கள் சிவப்புப் பைக்கு. எங்கள் தியேட்டர் பிள்ளைகளோ பயத்தில் எல்லாவற்றையும் மஞ்சளில் திணிக்கிறார்கள். குழாய்களில் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் இருக்கிறது, எரிந்தால் டயாக்சின் நஞ்சு. சொன்னால், ‘தொற்று வந்தால் யார் பதில் சொல்வது, சிஸ்டர்?’ என்கிறார்கள்.

பாண்டிச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையை ஆராய்ந்தவர்கள், ஒரு கண்புரை அறுவைக்குச் சுமார் 6 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனில் அதே அறுவைக்கு ஏறத்தாழ 20 மடங்கு. அரவிந்தில் அறுவைக்கு உடுத்தும் கவுனைத் துவைத்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து மறுபடி உடுத்துகிறார்கள், தொற்றும் கூடவில்லை. நாம் டிரம்மில் அடுக்கிய துணிகளைப் பழைய காலத்துப் பழக்கம் என்று ஒதுக்கியவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது நீலச் சிலிண்டர் விஷயத்தில்தான். அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு. மயக்க மருந்து மருத்துவர் அதை அபூர்வமாகத்தான் திறக்கிறார். அப்படியும் சிலிண்டர் தீர்ந்துகொண்டே இருந்தது. பைப்லைன் கசிவு! கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடேற்றும் வாயு அது. நூறு வருடத்துக்கு மேல் காற்றிலேயே கிடக்கும். நோயாளிக்குப் போகாமல் சுவருக்குள்ளேயே போயிருக்கிறது. இப்போது பைப்பை மூடிவிட்டு, தேவைப்பட்டால் சிறிய சிலிண்டரை இயந்திரத்திலேயே மாட்டிக்கொள்கிறோம். டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க மருந்து இன்னும் மோசம், சுமார் 2,500 மடங்கு. தவிர்க்க முடியாத தேவைக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. நல்லவேளை, விலை அதிகமென்று எங்கள் மேலாளர் அதை வாங்கியதே இல்லை. கஞ்சத்தனத்துக்கும் ஒரு புண்ணியம்!

இரவெல்லாம் ஆளில்லாத தியேட்டரில் ஏ.சி. முழு வேகத்தில் ஓடுகிறது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் இந்த ஆடியில் சுழலும் சுழற்சியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி அறைதான் நினைவுக்கு வருகிறது. அறையின் காற்றழுத்தம் குறையாதபடி வேகத்தை மட்டும் குறைக்கலாமா என்று பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன்.

துணிக் கவுனுக்கு மாறலாம் என்றால் மேலாளர் கணக்குக் கேட்கிறார். சலவைப் பொறுப்பு உன்னிடம்தானே இருந்தது? ஒரு கவுன் எத்தனை சலவை தாங்கியது? நினைவிருந்தால் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி