பிக்கப்பை மாற்றும் முன் நெக்கை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேஸ் கிட்டாரின் ஒலி பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், கடைக்காரர் தொடங்கி உடன் வாசிப்பவர் வரை எல்லோரிடமும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "பிக்கப்பை மாத்து, ப்ரீஆம்ப் போடு." கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப்; அந்தக் குறிப்பைப் பெருக்கித் திருத்தும் சிறு மின்சுற்று ப்ரீஆம்ப். ஒரு மாணவர் சேர்த்துவைத்த பணத்தில் கருவியை வாங்கி, அதில் பாதியை மறுபடியும் அதன் மேலேயே கொட்டுகிறார். ஒலி சற்று மாறுகிறது. ஆனால் அவரை வாட்டிய கரகரப்பும் விரல் வலியும் சுருதி விலகலும் அப்படியே இருக்கின்றன. காரணம், அவை மின்சுற்றில் பிறந்தவை அல்ல. இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம். ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸை எடுத்துக்கொள்கிறேன். அதன் நகல்கள் எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன.

முதலில் கம்பி. டெட்ராய்ட்டின் மோடவுன் ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் தடித்த, உருண்டையான ஒலியைப் பலரும் தேடுகிறார்கள். அவர் கையில் இருந்தது ஃபெண்டரின் இன்னொரு மாடலான 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ். அதில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டை இழை சுற்றிய, வழுவழுப்பான) கம்பிகள், அவற்றையும் அவர் லேசில் மாற்றமாட்டார். பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மூடிக்கு அடியில் கம்பிகளை அழுத்திய ஒரு துண்டு ஸ்பான்ஜ். அந்த ஒலியை விரும்புகிறவர் பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பான்ஜ் துண்டைச் செருகிப் பார்க்கட்டும், காசு செலவில்லை. மாறாக, கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் பளீரென்ற ஒலி வேண்டுமானால் புதிய ரவுண்டுவவுண்ட் (உருண்டை இழை சுற்றிய) கம்பி போதும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றிலும் வியர்வையிலும் ரவுண்டுவவுண்டின் பளபளப்பு சீக்கிரம் போய்விடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் ஆயுள் கூடும். கம்பித் தடிமனின் பொதுவான அளவு 0.045 அங்குலத்திலிருந்து 0.105 வரை. இதைவிடத் தடிமனான செட்டுக்கு மாறினால் இழுவிசை கூடி நெக் (கருவியின் நீண்ட கழுத்து) வளையும், நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளங்களும் போதாமல் போகும். ஆகவே கம்பி மாற்றிய பிறகே மற்ற அளவுகள் எல்லாம்.

அடுத்தது நெக்கின் வளைவு. பெரும்பாலான குறைகள் இங்கேதான் இருக்கின்றன. கம்பியைச் சரியான சுருதிக்குக் கூட்டி, முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளே ஃப்ரெட்டுகள்) கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பைப் போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் மிகத் தடித்த E கம்பியை அழுத்துங்கள். 8-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். இரு சக்கர வாகனத்தின் வால்வு இடைவெளியைப் பார்க்க மெக்கானிக் வைத்திருப்பது இதுதான். ஆட்டோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும். 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. அதிகமிருந்தால் நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று இறுக்குங்கள், குறைவென்றால் இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கள். இறுக்கும் முன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது பாதுகாப்பு. ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பிறகும் சுருதி கூட்டி, சில நிமிடம் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஒரேயடியாக ஒரு முழுச் சுற்று சுற்றுகிறவர்கள்தான் ராடை முறிக்கிறார்கள். கை அழுத்தத்துக்கு அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ராடைத் திருகும் ஆலன் கீயின் (அறுகோணச் சாவி) அளவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பில் பெரும்பாலும் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. அதில் 4.5 மி.மீ. கீயை நுழைத்துத் திருகினால் உள்முனைகள் மழுங்கிவிடும். பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. ஆசியத் தயாரிப்புகளில் 4 அல்லது 5 மி.மீ. வருகிறது. அளவு தெரியாமல் திருகவே கூடாது.

நெக் சரியான பிறகே கம்பியின் உயரம். 17-ஆம் ஃப்ரெட்டில் E கம்பிக்கு 2.4 மி.மீ., மிக மெல்லிய G கம்பிக்கு 2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். மென்மையாக வாசிப்பவர் இன்னும் இறக்கலாம், ஓங்கி அடிப்பவர் ஏற்ற வேண்டியிருக்கும். சாடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் சிறு துண்டு) அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே நின்றால், நெக் பொருந்தும் குழியில் பிரிட்ஜ் பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் உள்ள சரிவான மரச் சீவல் ஒன்றை வைக்கலாம். விசிட்டிங் கார்டை மடித்து ஒரு மூலையில் திணிப்பது வழக்கமாகிவிட்டது. அது நடுவில் வெற்றிடத்தை விடுகிறது, நாளடைவில் நெக்கின் அடிப்பகுதி அந்த இடத்தில் வளைகிறது. குழி முழுவதையும் நிறைக்கும் சீவலை நல்ல தச்சர் ஒருவர் செய்து தருவார்.

அதன் பின் சுருதிச் சீர். 12-ஆம் ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னுக்கு இழுக்கவும், குறைந்திருந்தால் நெக்கை நோக்கித் தள்ளவும். பழைய, தேய்ந்த கம்பியை வைத்து இதைச் செய்வது வீண் வேலை.

கரகரப்பு எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வெற்றுக் கம்பியில் மட்டும் என்றால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் என்றால் நெக்கில் வளைவு போதவில்லை. மேல் ஃப்ரெட்டுகளில் என்றால் கம்பி தாழ்வாக இருக்கிறது அல்லது வளைவு மிஞ்சியிருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. எழும்பிய ஃப்ரெட்டுக்காக எல்லாக் கம்பிகளையும் உயர்த்திக் கொடுத்து அனுப்புவது பழுது நீக்கம் ஆகாது. அந்த ஒரு ஃப்ரெட்டைத் தட்டி இறக்க வேண்டும், அல்லது அரத்தால் சமன் செய்து தலையை மறுபடி உருட்ட வேண்டும்.

முதல் ஃப்ரெட்டிலேயே விரல் வலிக்கிறது என்பவர்கள் நட்டைப் பாருங்கள். கம்பியை 2-ஆம், 3-ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். விலை குறைந்த கருவிகளில் இது மிக அதிகமாக விடப்பட்டிருக்கும். பள்ளத்தைக் கம்பியின் அளவுக்கேற்ற வட்ட அரத்தால், தலைப்பக்கம் சரியும்படி அறுக்க வேண்டும். ஆழம் தவறினால் சமையல் சோடாவும் ஃபெவிக்விக்கும் வைத்து நிரப்பி மீண்டும் அறுக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான், எலும்பாலான புது நட் போடுவதே சரி.

இனி மின்சுற்று. ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில் பிக்கப்புகள். ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு நேர்மாறானவை. ஆகவே இரண்டு வால்யூமும் ஒரே அளவில் திறந்திருந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்ததும் இரைச்சல் திரும்பும். இது பழுது இல்லை, அந்த அமைப்பின் இயல்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; E கம்பியின் 3-ஆம் ஃப்ரெட் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ், வெற்று G கம்பி 98 ஹெர்ட்ஸ். இரைச்சலும் அதன் இரட்டிப்பும் இந்த ஸ்வரங்களுக்கு மிக அருகில் உட்கார்ந்துகொள்வதால்தான் பேஸில் அது அவ்வளவு உறுத்துகிறது. குழிகளில் காப்பர் ஃபாயில் டேப் ஒட்டுவது ட்யூப்லைட், டிம்மர் போன்றவற்றின் சர்ரென்ற ஒலியைக் குறைக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலமாக வரும் ஹம்மை அது தடுக்காது. அதற்கு நீங்கள்தான் தள்ளி நிற்க வேண்டும். டேப் ஒட்டும்போது துண்டுக்குத் துண்டு தொடர்பு இருக்கிறதா என மல்ட்டிமீட்டரில் பாருங்கள், இல்லாத இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள், கடைசியில் கிரவுண்டோடு இணையுங்கள். ஜாக்கின் முனை ஃபாயிலில் தொட்டால் கருவி ஊமையாகிவிடும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

இரைச்சலைப் போக்க ஆம்ப்ளிஃபையரின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் சட்டத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத நிலையில் உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது மின்சாரம் உடல் வழியே பாயும். உயிர் போகும் விஷயம் இது.

சிறு பாகங்களில் பெரிய ஏமாற்றம் கெப்பாசிட்டர். ஜாஸ் பேஸில் 250 கிலோ ஓம் பாட்டுகளும் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறு மின்தடைகள்), டோனுக்கு 473 என்று அச்சிட்ட 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வரும். டோன் குமிழ் முழுவதும் திறந்திருந்தால் கெப்பாசிட்டரின் மதிப்பு ஏறக்குறைய எதையும் மாற்றாது, மூடும்போதுதான் வேலை செய்யும். "பழைய எண்ணெய்த்தாள் கெப்பாசிட்டர்" என்று ஆயிரக்கணக்கில் கொடுப்பது தேவையில்லை, ஒரே மதிப்புள்ள சாதாரணப் பாகம் அதே வேலையைச் செய்கிறது. பாட்டின் முதுகில் ஈயம் வைக்கும்போது அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு 40 வாட் அயர்னால் சட்டென்று முடியுங்கள். குறைந்த வாட்டில் நெடுநேரம் சூடுபடுத்தினால் பாட்டின் உள்ளே இருக்கும் தடம் கெட்டுவிடும்.

இதையெல்லாம் செய்தும் ஒலி பிடிக்கவில்லையென்றால் பிக்கப்பை மாற்றலாம். வாங்கும் முன் அளவெடுங்கள். அசல் ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் மற்றதைவிடச் சுமார் 3 மி.மீ. நீளம், பல நகல்களில் இரண்டும் ஒரே நீளம். அளக்காமல் வாங்கியவர்கள் உளி எடுத்துக் குழியைக் குடைகிறார்கள், அதற்குப் பிறகு பழைய பாகம் பொருந்தாது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் ஒலிக்காக ப்ரீஆம்ப் தேடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய 1977 ஜாஸ் பேஸில் கிட்டார் தயாரிப்பாளர் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் பொருத்தியது உண்மை. ஆனால் எழுபதுகளின் ஜாஸ் பேஸில் பின்பக்கப் பிக்கப் முந்தைய ஆண்டுகளைவிட ஏறக்குறைய 10 மி.மீ. பிரிட்ஜை நெருங்கி இருக்கும். அந்த இடத்தை எந்தச் சர்க்யூட்டும் ஈடு செய்யாது. பழைய பிக்கப்பின் உயரத்தையும் ஒருமுறை பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் E பக்கம் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். அதைவிட மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, ஸ்வரம் அலைந்து, சீக்கிரம் அடங்கிவிடும்.

ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட்டே இல்லாத நெக்) ஆசைக்கு வருகிறேன், மிகுதியான கருவிகள் பாழாவது இதில்தான். ஃப்ரெட்லெஸ் பேஸால் புகழ்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை மரப் புட்டியால் நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை மேலே பூசினார். கேட்க எளிது. விரல்பலகை பல கருவிகளில் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். ஃப்ரெட்டைச் சோல்டரிங் அயர்னால் சூடாக்காமல் குறடு போட்டு இழுத்தால் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயரும். வெளியே வந்த ஃப்ரெட்டின் இடத்தில் சுமார் 0.6 மி.மீ. பள்ளங்கள் இருபது நிற்கும். மென்மையான புட்டியால் நிரப்பினால் பலகை தன் விறைப்பை இழந்து, கம்பியின் இழுப்பில் நெக் முன்னோக்கி வளையும். இறுக்கமாகப் பொருந்தும் மெல்லிய மர வெனீர்த் துண்டுகளைப் பசையிட்டு அடிக்க வேண்டும். ஒரு நாள் உலரவிட்டு, பலகையின் வட்ட வளைவுக்கேற்ற கட்டையில் உப்புத்தாள் சுற்றி 150-ஆம் எண்ணில் தொடங்கி 400 வரை தேய்க்க வேண்டும். ஃப்ரெட்டின் உயரம் போய்விட்டதால் நட்டின் பள்ளத்தையும் சாடிலையும் இறக்கியாக வேண்டும். இதைப் பலரும் மறந்துவிட்டு, கம்பி உயரமாக இருக்கிறதே என்று நெக்கைப் பழி சொல்கிறார்கள். விரல் வைக்கும் இடமும் மாறுகிறது: ஃப்ரெட் இருந்தபோது அதற்குப் பின்னால் அழுத்தினோம், இப்போது கோட்டின் மேலேயே. இரு கோடுகளுக்கு நடுவே இருக்கும் பக்கவாட்டுப் புள்ளிகளை நம்பி வாசித்தால் சுருதி சேராது. ரவுண்டுவவுண்ட் கம்பி வெறும் மரத்தை அரித்துவிடும் என்பதால்தான் அந்த எபாக்ஸிப் பூச்சு. பூச்சு வேண்டாமென்றால் ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள்.

என் பரிந்துரை, பிடுங்காதீர்கள். இந்த வகைக் கருவியில் பெரும்பாலும் நெக்கை நான்கு ஸ்க்ரூக்கள்தான் பிடித்திருக்கின்றன. ஃப்ரெட்லெஸ் நெக் ஒன்றைத் தனியே வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் குழியின் அகலத்தை அளக்க வேண்டும். ஃபெண்டரில் 63.5 மி.மீ., நகல்களில் ஒரு மி.மீ. முன்பின் இருக்கும். ஸ்க்ரூவை மறுபடி முடுக்கும்போது முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். பழைய மரை 'டக்' என்று விழும் உணர்வு வந்த பிறகு வலப்பக்கம் முடுக்கினால் மரத்தில் புது மரை வெட்டாது.

விற்கும் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். கருவியைப் பெட்டியோடு கையில் கொடுக்காமல், நெக்கையும் கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்து, அந்த மூன்று அளவுகளையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். பழகிய கைக்கு அரைமணி நேர வேலை. ஏசி அறையிலிருந்து திறந்தவெளி மேடைக்கும், கோடையிலிருந்து ஐப்பசி மழைக்கும் போய்வரும் கருவியின் நெக் அசையும். அட்டையில் அளவு இருந்தால் எவ்வளவு அசைந்தது என்று வாங்கியவரே பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் பழுதுநீக்குநர்,
சென்னை.