மானிட்டரில் நிறம் மாறினால்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. வேலை மாறியது நல்ல செய்தி. புது மானிட்டரில் வெள்ளை வெளிர்பச்சையாகவும் கறுப்பு ஊதாவாகவும் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து சிவப்பு, பச்சை, நீல அளவுகளை ஏற்றி இறக்காதே. ஒன்றைச் சரிக்கட்டப் போய் மற்றது கெடும்.

முதலில் மானிட்டரின் மெனு பட்டனை அழுத்து. அந்த மெனு மானிட்டருக்குள்ளேயே உருவாவது, கேபிள் வழியே வருவதில்லை. அது சுத்தமாகத் தெரிந்தால் திரைப் பேனலில் குறையில்லை. வரும் சிக்னலிலோ அதை மானிட்டர் படிக்கும் விதத்திலோதான் கோளாறு.

நீ சொல்லும் நிறங்களை வைத்துப் பார்த்தால், கணினி ஒய்சிபிசிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பும் முறை) அனுப்புகிறது, மானிட்டர் அதை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகளாக அனுப்பும் முறை) என்று படிக்கிறது. ஒய்சிபிசிஆர் அனுப்பும்போது எச்டிஎம்ஐ கேபிளில் பச்சை போகும் தடத்தில் வெளிச்ச அளவும், சிவப்பு, நீலத் தடங்களில் நிற வேறுபாடும் போகும். 0 முதல் 255 வரையான அளவில், நிறமே இல்லாத இடத்தில் அந்த வேறுபாட்டின் மதிப்பு 128. ஆகவே கறுப்பு, சிவப்பு-பச்சை-நீல வரிசையில் 128, 16, 128 என்று வந்து ஊதாவாகிறது. வெள்ளை 128, 235, 128 என்று வந்து பச்சையாகிறது. கிராபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி என்றும், ரேஞ்சை (கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவின் வீச்சு) ஃபுல் என்றும் மாற்று. மானிட்டர் மெனுவிலும் இன்புட் கலர் ஃபார்மட் என்று ஒன்று இருந்தால் அதையும் ஆர்ஜிபியில் வை. ரேஞ்ச் மட்டும் பொருந்தாவிட்டால் சாயம் ஏறாது. கறுப்பு சாம்பலாக வெளுக்கும், அல்லது இருண்ட இடங்கள் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும்.

பழைய விஜிஏ கேபிள் மானிட்டரில் கதை வேறு. கேபிள் முனையில் உள்ள ஊசிகளில் (பின்) 1ஆம் பின் சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். திரை மஞ்சளானால் நீலம் வரவில்லை. மெஜந்தா என்றால் பச்சை. நீலப்பச்சை என்றால் சிவப்பு. கேபிளைக் கழற்றிப் பார், பின் வளைந்திருக்கும். லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சில் முனையை அதன்மேல் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம். 9ஆம் பின் இல்லாத கேபிள்கள் சகஜம், அதைப் பார்த்துப் பதறாதே. பின்னெல்லாம் நேராக இருந்தும் திருகை இறுக்கிய பிறகு நிறம் வந்து வந்து போனால், உள்ளே கம்பி அறுந்திருக்கும், கேபிளை மாற்று.

திரை முழுக்க இளஞ்சூடான ஆரஞ்சாக இருந்தால் இரவில் நீல ஒளியைக் குறைக்கும் நைட் லைட் ஓடுகிறதா என்று பார். அடுத்தது கலர் மேனேஜ்மென்ட்: பழைய மானிட்டரின் புரொஃபைல் (அதன் நிறங்களுக்கான அமைப்புக் கோப்பு) அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிடு. இந்த இரண்டும் ஸ்கிரீன்ஷாட்டில் பொதுவாகப் பதியாது, ஆகவே செல்போனால் திரையைப் படமெடுத்து அனுப்பு. மெனுவும் அதில் தெரியட்டும்.

அன்புடன்,
குமார்