புது டிஸ்க்கும் எஃப்ஸ்டேப் வரியும்

அன்புள்ள செந்தில்,

கடிதம் கண்டேன். பேத்தி பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. படங்களுக்கென்றே 4 டிபி டிஸ்க் வாங்கியதும் நல்ல காரியம். லினக்ஸில் அதை ஃபார்மட் செய்து, ஒவ்வொரு பூட்டிலும் தானாக மவுன்ட் ஆக (ஒரு டைரக்டரியோடு இணைய) வைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். ஜிபிடி முறையில் பார்ட்டிஷன் போட்டாயிற்று என்கிறாய். மீதி ஐந்து நிமிட வேலை. லினக்ஸ் டிஸ்க்குக்குத் தரும் பெயரில் மட்டும் அவசரப்படாதே. நேற்று எஸ்டிபி1 என்றிருந்தது அடுத்த பூட்டில் எஸ்டிசி1 ஆகலாம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்து 3.6டி என்று காட்டுவதுதான் உன் டிஸ்க் என்று உறுதி செய்துகொள். ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் கட்டளையை ஓட்டும்போது, ‘ஏற்கெனவே ஃபைல்சிஸ்டம் இருக்கிறது, தொடரவா?’ என்று கேட்டால் அங்கேயே நிறுத்து. காலியான புது டிஸ்க்கில் பொதுவாக அந்தக் கேள்வி வராது.

ஃபைல்சிஸ்டம் வகை எக்ஸ்ட்4 போதும். அது 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென (நிர்வாகி கணக்குக்கென) ஒதுக்கிவிடும். உனக்கு அது 200 ஜிபி! படம் வைக்கும் டிஸ்க்குக்கு அது வீண். எம்கேஎஃப்எஸ்ஸிலேயே ‘-எம் 0’ கொடு. மறந்தால் பிறகு டியூன்2எஃப்எஸ்ஸில் மாற்றலாம்.

பூட்டில் எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்தான் எஃப்ஸ்டேப். அதன் வரியைத்தான் பொறுமையாக எழுத வேண்டும். முதலில் பிளாக்ஐடி கட்டளை காட்டும் யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்), பிறகு மவுன்ட் செய்யும் டைரக்டரி, எக்ஸ்ட்4, ‘டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்’ (கமாவுக்குப் பின் இடைவெளி கூடாது; நோஃபெயில் என்றால் டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரும்), கடைசியில் 0, 2 என்ற இரு எண்கள். நோஃபெயில் விட்டுப்போனால், டிஸ்க்கைக் கழற்றிய நாளில் பூட் 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். மறுபடி ஃபார்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும், வரியையும் மாற்று. எழுதியதும் ரீபூட் செய்யாதே. ‘மவுன்ட் -ஏ’ ஓட்டிப் பார், தப்பிருந்தால் பெரும்பாலும் அப்போதே சொல்லிவிடும்; யூயூஐடி தப்பானால் மட்டும் நோஃபெயில் இருப்பதால் சொல்லாமல் போகலாம், எனவே டிஸ்க் ஏறியதா என்று எல்எஸ்பிஎல்கேயில் பார்த்துக்கொள். சிஹெச்ஓன் செய்வது (டைரக்டரியின் உரிமையாளரை மாற்றுவது) மவுன்டுக்குப் பிறகுதான். முன்பே செய்தால் அடியில் இருக்கும் டைரக்டரிக்குத்தான் உரிமை மாறும். புது ஃபைல்சிஸ்டம் ரூட் பெயரிலேயே இருக்கும்.

நோஃபெயிலுக்கு ஒரு விலை உண்டு. டிஸ்க் ஏறாத நாளில் உன் பேக்கப் ஸ்கிரிப்ட் அதே டைரக்டரியில், அதாவது சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனில், எழுதித் தள்ளி அதை நிரப்பிவிடும். பின்னால் டிஸ்க் ஏறினால் அந்தப் படங்கள் அடியில் மறைந்துவிடும், இட அளவு காட்டும் டிஎஃப் கட்டளை மட்டும் இடமில்லை என்று காட்டிக்கொண்டிருக்கும். அதைத் தவிர்க்க, மவுன்ட் செய்யும் முன் காலி டைரக்டரிக்கு ‘சிஹெச்ஆட்டர் +ஐ’ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டுவை. டிஸ்க் இல்லாதபோது ரூட்டாலும் அதில் எழுத முடியாது, ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றுவிடும்.

முடித்ததும் அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமரன்