குருதிக்கொடையாளர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நான்கு முகாம்கள் நடத்தினோம். ஜூன் 14 உலகக் குருதிக்கொடையாளர் நாளையும், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ இரத்ததான நாளையும் ஒட்டிக் கல்லூரிகளில் இரண்டு, கல்யாண மண்டபத்தில் இரண்டு. எத்தனை யூனிட் என்ற கணக்கு உங்கள் கையிலிருக்கும் தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வந்தது, செயற்குழு ஆண்டு முழுக்க மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட ஒரே விஷயத்தைப் பற்றி: இரத்தம் கொடுக்க வருபவர் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறாரா என்பது.

ஜூன் முகாமில் மாணவர்கள் நீள பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து கேள்விப் படிவத்தை நிரப்பினார்கள். முதல் பையன் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’, ‘இல்லை’ என்று டிக் அடித்தான். பக்கத்திலிருந்தவன் பரீட்சையில் பிட்டைப் பார்ப்பதுபோல் பார்த்து அப்படியே அடித்தான். பாதுகாப்பில்லாத உடலுறவு உண்டா என்ற கேள்விக்கு, நண்பன் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் ‘ஆம்’ என்று எழுதுவான்? ஒருவன் முழங்கையில் புதுப் பச்சை பளபளத்தது; படிவத்தில் ‘இல்லை’. பச்சை குத்தினால் 12 மாதம் பொறுக்க வேண்டும் என்று சொல்லி மருத்துவர் திருப்பி அனுப்பினார். அது கண்ணுக்குத் தெரிந்தது, சரி. தெரியாததை யார் பிடிப்பது?

“அதான் டெஸ்ட் பண்றாங்களே” என்று உறுப்பினர்கள் பலர் கேட்டீர்கள். பண்ணுகிறார்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய், மலேரியா என்று ஐந்தும் பார்க்கிறார்கள். எச்ஐவி பரிசோதனை 1989-லிருந்தே கட்டாயம். ஆனால் எச்ஐவி கிருமி உடம்புக்குள் போனதும் சோதனையில் தெரிந்துவிடாது. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் ‘எலைசா’ சோதனையில் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கிருமியின் மரபுப்பொருளையே தேடும் ‘நேட்’ சோதனையிலும் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி உண்டு. அது செலவு கூடியது, எல்லா இரத்த மையங்களிலும் இல்லை. அந்த நாட்களில் கொடுத்த இரத்தம் ‘நெகட்டிவ்’ என்ற சீட்டோடுதான் போகும். ஒரு பையைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிப்பதால் மூன்று பேருக்குப் போகலாம். அந்த இடைவெளியை அடைக்கக் கொடுப்பவரின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு வழியில்லை.

மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986-ல். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அப்போதெல்லாம் காசுக்கு இரத்தம் விற்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி முதல் அது தடையானது. காசு வாங்குபவன் உண்மை சொல்ல மாட்டான் என்பதுதான் காரணம். நம் முகாமில் காசு இல்லை. சான்றிதழும் பழச்சாறும் நண்பர்கள் முன் மானமும் இருக்கின்றன. அவையும் ஒருவகைக் கூலிதான் என்பது என் சொந்தக் கருத்து.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தால் எச்ஐவி தொற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒரு முகாமில் கொடுத்து, தொற்று தெரியவந்து, அந்தப் பை ஒதுக்கப்பட்டதாகவும், செய்தி மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. வெளிநாட்டு வேலைக்காகத் தனியாகச் சோதித்துத் தெரிந்ததும் அவரே ஓடிவந்து சொன்னார், அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதக் கடைசியில் அந்த இளைஞர் இறந்துபோனார். அதைப் படித்தபின் நம் பதிவேட்டைப் புரட்டினேன். கைப்பேசி எண்ணில் ஒன்பது இலக்கம் மட்டும் உள்ள வரிகள், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கல்லூரிப் பெயர் மட்டும். இவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் யார், எங்கே போய்ச் சொல்வது?

இன்னொரு குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு முகாமுக்குப் பிறகு நம் செயற்குழுவில் ஒருவர், “யாருக்கு ரியாக்டிவ் வந்தது, பேரைச் சொல்லுங்க” என்று, அதாவது யார் இரத்தத்தில் தொற்று இருப்பதாகச் சோதனை காட்டியது என்று, இரத்த மைய ஆலோசகரிடம் கேட்டிருக்கிறார். அவர் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி அது ரகசியம். இரத்த மையமே அந்த நபரைத் தனியாக அழைத்து, எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பும். நம் வேலை, அழைக்க ஒரு சரியான எண் இருக்கும்படி பார்த்துக்கொள்வது மட்டும்தான்.

அக்டோபர் முகாமில் சிலவற்றை மாற்றினோம். பெஞ்சுக்குப் பதில் தனித்தனி நாற்காலி. ஆலோசகர் மேசைக்கு முன் மண்டபத்துக்காரர் கொடுத்த பழைய திரைச்சீலை. எண்ணை எழுதியதும் அங்கேயே ஒரு மிஸ்டு கால். பரிசோதனைக்காக மட்டும் வந்தவர்களை, நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணையும் கொடுத்தோம். அப்புறம், கொடுத்துவிட்டுப் போன ஒவ்வொருவர் கையிலும் பை எண் எழுதிய சிறு அட்டை.

அன்றிரவு பத்தரைக்கு எனக்கு ஒரு அழைப்பு. “அண்ணே, என் பையை யாருக்கும் போட வேண்டாம்னு சொல்லிடுங்க.” ஏன் என்று நான் கேட்கவில்லை. “எண்ணை மட்டும் வாசி தம்பி” என்றேன். இரண்டு முறை வாசித்தான், குரல் நடுங்கியது. உடனே இரத்த மையத்தின் இரவுப் பணியாளருக்குச் சொன்னேன். காலையில், ஒதுக்கிவிட்டதாகப் பதில் வந்தது.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவிடம் இரண்டு அனுமதி கேட்கிறேன். மடக்குத் திரை இரண்டு வாங்க வேண்டும்; விலையைப் பொருளாளர் சொல்வார். தலைவர் பிறந்தநாள், திறப்பு விழா என்று நம்மை அழைப்பவர்களிடம், தனியே பேச ஒரு இடம் ஒதுக்கினால்தான் வருவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். யூனிட் எண்ணிக்கை குறையும் என்று இரண்டு பேர் ஏற்கெனவே முகம் சுளித்துவிட்டார்கள். அவர்களே முதலில் பேசட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்