கடைசியாக நன்றாக இருந்த நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. அப்பச்சியும் நானும் நலம். அப்பச்சிக்குப் பிரஷரும் சர்க்கரையும் இருப்பதால் பக்கவாதத்தைப் பற்றி நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய வீட்டில் இரண்டே பேர். தினம் ராத்திரி வீடியோவில் எங்கள் முகத்தைப் பார்ப்பவன் நீதான்.

பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பல் தெரியச் சிரிக்கச் சொல். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல். வலுக் குறைந்த கை தானாக இறங்கும், உள்ளங்கை உள்பக்கம் திரும்பும். ‘வளவுல மழைத்தண்ணி நிக்குது’ என்று திருப்பிச் சொல்லச் சொல். ஒன்று பிசகினாலே போதும், பக்கவாதமென்றே எடுத்துக்கொள். திடீரென்று கண் இருட்டுவதும் நடை தள்ளாடுவதும் இதில் சேர்த்தி. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் ‘படுத்து எழுந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

நீ இருக்கும் ஊரிலிருந்து எங்களுக்காக 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கிடைக்காது. பக்கத்து வீட்டு நம்பரை உன் போனில் வைத்துக்கொள், அவர்கள் கூப்பிடுவார்கள். எனக்கே வந்தால் எனக்குத் தெரியாமலும் போகலாம்.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்துத்தான் வைத்தியம். அடைப்பென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ராத்திரியிலும் ஸ்கேனும் ஊசியும் உள்ள ஆஸ்பத்திரி எதுவென்று இப்போதே விசாரித்து வைக்க வேண்டும்.

அந்த நாலரை மணிக் கணக்கு, ஆளைக் கீழே விழுந்து கிடக்கப் பார்த்த நேரத்திலிருந்து இல்லை. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ராத்திரி 9.30-க்கு நீ பேசியபோது நன்றாக இருந்து, விடியற்காலை 5 மணிக்குக் கை விழுந்திருந்தால், கணக்கு 9.30 முதல். அந்த நேரம் உன் போனில் பதிவாகியிருக்கும். டாக்டருக்கு அதைச் சொல். காலம் போச்சென்று யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், ஸ்கேன் பார்த்து, சிலருக்கு 24 மணி நேரம்வரை கட்டியை எடுக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாமல் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பிரினும் கூடாது, கசிவென்றால் அது கேடு. கூடுதலாகப் பிரஷர் மாத்திரை கொடுத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி யாராவது வந்தால் நேரம்தான் வீண்.

பத்து நிமிஷத்தில் தானே சரியானாலும் உடனே போக வேண்டும். அடுத்த இரண்டு நாளில்தான் பெரிய அடைப்பு வரும் ஆபத்து அதிகம்.

அப்பச்சியின் மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேட்பார்கள். மருமகளிடமும் இதைப் படிக்கக் கொடு.

அன்புடன்,
ஆத்தா