அக்காவுக்கு, மேற்கு ஜன்னலைப் பற்றி

அக்கா,

அம்மாவின் சேலையில் தைத்த அந்த ஸ்கிரீனைக் கழற்றியது நான்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான் என் மனைவி. நீ போனில் அவளிடம் பேசிய பேச்சுக்குப் பிறகு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணகுடிக் காற்றைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டாம். ஆனால் ஆனி, ஆடியில் நீ இங்கே இருந்து எத்தனை வருஷம் ஆகிறது? பொங்கலுக்கு வருகிறாய், மூன்று நாள். அப்போது அந்த ஸ்கிரீன் சாதுவாய்த் தொங்கும். அம்மாவே அந்தச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத்தான் எனக்கும் இருக்கும். காற்று மாதத்தில் அது உதறுகிற புழுதியில் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடுகிறது. துவைக்கலாம் என்றால் மேற்கு வெயில் பட்ட மடிப்பெல்லாம் கையோடு கிழிந்து வந்தது. அம்மாவின் தலைத்திவசத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாய்.

அடி மடிப்பைப் பிரித்தபோது முதல் நாலணா விழுந்தது. காண்டாமிருகம் போட்டது.

2011 ஆனி. ஜூன் 30 முதல் 25 காசு செல்லாது, அதற்கு முன்னால் பாங்கில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது ஹார்லிக்ஸ் பாட்டிலை என் கையில் தந்தாய். உள்ளே 148 நாலணா, 37 ரூபாய். நீ திரும்பி வந்ததும், “போனேன், வாங்க மாட்டோம்னுட்டாங்க” என்றேன். பொய் அக்கா. நான் பாங்குப் பக்கமே போகவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுகிறதென்று பையன்கள் கூப்பிட்டார்கள், பாட்டிலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஓடிவிட்டேன். பதினைந்து வயசு எனக்கு. அது காரணமாகாது, ஆனாலும் சொல்கிறேன்.

நீ ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் பாட்டிலை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். “செல்லாட்டா என்ன, கனம் இருக்குல்லா” என்று காற்றில் பறந்துகொண்டிருந்த ஸ்கிரீனை இழுத்து மடியில் போட்டாள். நீ ஊசியில் நூல் கோத்தாய். ஒரு காசு, ஒரு தையல், மறு காசு. எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதென்று நடுவில் தையல். நாலு துண்டுக்கும் 37 வீதம். கடைசிக் காசை வைக்கும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். உனக்கு அப்போதே தெரியுமா?

அம்மாவின் கடைசி நாலு மாசத்தைப் பற்றி நீ சொன்னதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். அத்தை வீட்டிலும் இதை வாசிப்பார்கள். பணம் நீ அனுப்பினாய், அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது அவள். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஸ்பிரிங் கம்பி தொய்ந்துபோயிருந்தது, பைப் மாட்டியாயிற்று. நாலடி ஜன்னலுக்கு எட்டடித் துணி எடுத்தால்தான் மடிப்பு நன்றாக விழும் என்றார் டெய்லர். அடியில் ஈயத் துண்டு வைத்துத் தைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று 74 நாலணாவை எண்ணிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட விழவில்லை அக்கா, 148-ம் இருந்தது.

முந்தானைப் பக்கம் வெயில் படாமல் ஒரு முழம் நல்லபடியாகக் கிடைத்தது, வாடாமல்லி நிறம் அப்படியே இருக்கிறது. மீதி 74-ஐ அதில் முடிந்து அம்மா பீரோவில் வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள். பொங்கலுக்கு வேண்டாம், ஆனியில் வா. வந்ததும் முதலில் அவளிடம் பேசு.

தம்பி